வீட்டிலேயே பாடம்: அமெரிக்காவில் வீட்டுக்கல்வி தொடங்கிய கதை

"எங்கள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் போவதில்லை, வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கப் போகிறோம்" என்று ஒரு குடும்பம் அறிவித்தால் அக்கம்பக்கத்தில் என்ன பேச்சு எழும் என்று சொல்லவே வேண்டாம். "புத்தி கெட்டுப்போச்சா?" என்பதில் தொடங்கி, "நாளைக்கு இந்தப் பிள்ளைக்கு யார் வேலை கொடுப்பார்கள்?" என்பது வரை எல்லாக் கேள்விகளும் வந்து விழும்.

இந்தப் பேச்சையெல்லாம் தாண்டி வரும் பெற்றோருக்கு உண்மையில் இரண்டு கேள்விகள்தான் மிஞ்சும். ஒன்று, சட்டம் இதை அனுமதிக்குமா? இரண்டு, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் குழந்தையோடு உட்கார்ந்து என்ன செய்வது?

இன்று அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டப்படி செல்லும். பல லட்சம் குழந்தைகள் அப்படித்தான் படிக்கிறார்கள். ஆனால் 1970களில் இதே காரியத்தைச் செய்த பெற்றோர் அபராதம் கட்டினார்கள், நீதிமன்றப் படி ஏறினார்கள், சிலர் சிறைக்கும் போனார்கள். இருபது வருடத்துக்குள் நிலைமை தலைகீழாக மாறியது. எப்படி மாறியது? அந்தக் கதைதான் இது.

வீடே பள்ளியாக இருந்த காலம்

அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேறிய காலத்தில் குழந்தைக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பது குடும்பத்தின் வேலை. 1642ல் மாசசூசெட்ஸ் குடியேற்றம் ஒரு சட்டம் போட்டது. பிள்ளைகளுக்கு வாசிக்கவும், மதத்தின் அடிப்படைகளையும் நாட்டின் முக்கியச் சட்டங்களையும் புரிந்துகொள்ளவும் கற்றுத்தர வேண்டும், தராத பெற்றோரையும் எஜமானர்களையும் ஊர்ப் பெரியவர்கள் கேள்வி கேட்கலாம் என்றது அது. கவனியுங்கள், அதில் "பள்ளிக்கு அனுப்பு" என்ற பேச்சே இல்லை. ஐந்து வருடம் கழித்து 1647ல் வந்த இன்னொரு சட்டம்தான் 50 குடும்பங்கள் உள்ள ஊர் ஒரு ஆசிரியரை வைக்க வேண்டும் என்றது.

அதற்குப் பிறகும் இருநூறு வருடம் பள்ளிக்குப் போவது அவரவர் விருப்பமாகத்தான் இருந்தது. ஆபிரகாம் லிங்கன் தன் வாழ்நாளில் பள்ளியில் இருந்த காலத்தையெல்லாம் கூட்டினாலும் ஒரு வருடம் தேறாது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். தாமஸ் எடிசனைச் சில மாதங்களிலேயே பள்ளியிலிருந்து நிறுத்தி, அவருடைய அம்மா நான்சி வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்த கதையும் பலருக்குத் தெரிந்ததுதான்.

மாற்றம் 1852ல் வந்தது. அதே மாசசூசெட்ஸ்தான் அமெரிக்க மாநிலங்களில் முதலாவதாகக் கட்டாய வருகைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 8 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகள் வருடத்துக்கு 12 வாரமாவது பள்ளிக்கு வர வேண்டும், அதில் 6 வாரம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று விதித்தது. இன்றைய கணக்கில் இது ஒன்றுமே இல்லை! ஆனாலும் அது பெரிய திருப்பம். தொழிற்சாலைகளில் குழந்தைகள் உழைத்துக்கொண்டிருந்த காலம் அது. அயர்லாந்திலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து ஒரே மாதிரி குடிமக்களாக ஆக்க வேண்டும் என்று அரசு நினைத்தது. ஒவ்வொரு மாநிலமாகத் தொடர்ந்து, கடைசியில் 1918ல் மிசிசிப்பியும் சேர்ந்துகொண்டது.

இதில் ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. மாசசூசெட்ஸ் சட்டம் வேறு வழியில் கல்வி பெறும் குழந்தைகளுக்கு விலக்கு அளித்திருந்தது. அந்தச் சின்ன சந்து 126 வருடம் கழித்து ஒரு குடும்பத்துக்குக் கதவாகத் திறக்கப் போகிறது.

தபாலில் வந்த பள்ளி

கட்டாயச் சட்டம் வந்த பிறகும் வீட்டில் படித்தவர்கள் இல்லாமல் போகவில்லை. பால்டிமோர் நகரில் இருந்த கால்வர்ட் பள்ளி 1906ல் வீட்டுப் பாடத் திட்டம் ஒன்றை ஆரம்பித்தது. வெளிநாட்டில் வேலை செய்த தூதரகக் குடும்பங்கள், பாதிரியார் குடும்பங்கள், பள்ளியே இல்லாத தொலைதூரப் பண்ணைகளில் வாழ்ந்தவர்கள் இதை வாங்கிப் பயன்படுத்தினார்கள். பாடப்புத்தகம், நோட்டு, தினமும் என்ன சொல்லித்தர வேண்டும் என்ற குறிப்பு எல்லாம் ஒரே பெட்டியில் தபாலில் வந்து சேரும். "திங்கட்கிழமை காலை என்ன செய்வது?" என்ற கேள்விக்குக் கிடைத்த முதல் தயார்நிலைப் பதில் இதுதான் என்று சொல்லலாம்.

ஆனால் இவர்கள் பள்ளி எட்டாததால் வீட்டில் படித்தவர்கள். தெருமுனையிலேயே பள்ளி இருக்கும்போது "வேண்டாம்" என்று சொன்னவர்களின் கதை வேறு.

நீதிமன்றங்களின் குழப்பம்

ஒரு வீடு பள்ளியாக முடியுமா? இந்தக் கேள்விக்கு அமெரிக்க நீதிமன்றங்கள் ஆளுக்கொரு பதில் சொன்னன. 1904ல் இண்டியானா நீதிமன்றம், இளம்பிள்ளைகளுக்குக் கல்வி தரப்படும் இடம் எதுவோ அதுவே பள்ளி, எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பது முக்கியமில்லை என்றது. 1912ல் வாஷிங்டன் மாநில நீதிமன்றம் இதை ஒப்புக்கொள்ளவில்லை. 1950ல் இல்லினாய்ஸ் உச்ச நீதிமன்றம் தன் மகளுக்கு வீட்டில் மூன்றாம் வகுப்புப் பாடம் நடத்திய பெற்றோரை விடுவித்தது. 1953ல் கலிபோர்னியா நீதிமன்றம் அதற்கு நேர் எதிராகத் தீர்ப்பளித்தது.

இதற்கு நடுவே 1925ல் நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு முக்கியமான வழக்கு வந்தது. ஒரேகான் மாநிலம் 1922ல் எல்லாக் குழந்தைகளும் அரசுப் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தது. கத்தோலிக்கப் பள்ளிகளை மூட வைப்பதே அதன் உள்நோக்கம். கூ க்ளக்ஸ் க்ளான் கூட்டமும் அந்தச் சட்டத்தை ஆதரித்தது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. குழந்தை வெறுமனே அரசின் உடைமை இல்லை, அதை வளர்த்து வழிநடத்தும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்பதே தீர்ப்பின் சாரம். வீட்டுக்கல்வி பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. ஆனாலும் பின்னால் வந்த வீட்டுக்கல்வி வழக்குகளில் எல்லாம் வழக்கறிஞர்கள் முதலில் எடுத்து நீட்டியது இந்தத் தீர்ப்பைத்தான்.

1967ல் நியூ ஜெர்சியில் நடந்த மாசா வழக்கும் சுவாரஸ்யமானது. மகளை வீட்டில் வைத்துப் படிப்பித்த அந்த அம்மா கல்லூரிப் பட்டமோ ஆசிரியர் பயிற்சியோ பெற்றவர் இல்லை, உயர்நிலைப் பள்ளி வரை படித்தவர். பாடம் சரி, ஆனால் மற்ற பிள்ளைகளோடு பழகும் அனுபவம் கிடைக்காதே என்று அரசுத் தரப்பு வாதிட்டது. (இன்று வரை வீட்டுக்கல்விக் குடும்பங்கள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன கேள்வி இதுதான்!) சட்டம் கேட்பது படிப்பில் சமமான கல்வியை மட்டுமே, பழகும் அனுபவத்தை அது கேட்கவில்லை என்று நீதிபதி சொல்லிவிட்டார். அம்மா ஜெயித்தார்.

சோளக்காட்டுக்குள் ஓடிய குழந்தைகள்

1965 நவம்பரில் அயோவா மாநிலத்தில் எடுத்த ஒரு புகைப்படம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. ஆமிஷ் என்ற கிறிஸ்தவ சமூகத்தைச் சேர்ந்த குழந்தைகள் சோளக்காட்டை நோக்கித் தலைதெறிக்க ஓடுகிறார்கள். அவர்களைப் பேருந்தில் ஏற்றி ஊர்ப் பள்ளிக்குக் கொண்டுபோக அதிகாரிகள் வந்திருந்தார்கள்.

ஆமிஷ் மக்கள் மின்சாரம், கார் போன்றவற்றை ஒதுக்கிவிட்டு விவசாயம் செய்து வாழ்பவர்கள். எட்டாம் வகுப்பு வரை படிப்பு போதும், அதன்பிறகு பிள்ளைகள் நிலத்திலும் பட்டறையிலும் பெரியவர்களோடு நின்று கற்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். விஸ்கான்சின் மாநிலச் சட்டமோ 16 வயது வரை பள்ளிக்கு வரச் சொன்னது. 1968ல் மூன்று தகப்பன்மார் மீது வழக்கு போட்டார்கள். ஆளுக்கு 5 டாலர் அபராதம். தொகை சின்னதுதான். ஆனால் அதைக் கட்டினால் தங்கள் வாழ்க்கை முறையே தப்பு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். வழக்கு வம்புக்குப் போவது ஆமிஷ் மரபில் கிடையாது என்பதால், ஒரு லூத்தரன் பாதிரியார் முன்னின்று அமைத்த குழு அவர்களுக்காக வழக்கை நடத்தியது.

1972 மே 15ல் உச்ச நீதிமன்றம் ஆமிஷ் பக்கம் தீர்ப்பளித்தது. வீட்டுக்கல்வி விரும்பிய மற்ற குடும்பங்களும் மகிழ்ந்தன. ஆனால் தீர்ப்பைப் படித்துப் பார்த்தபோது ஏமாற்றம்தான் மிஞ்சியது. சுமார் மூன்று நூற்றாண்டுகளாகத் தொடரும் மத மரபுக்கு மட்டும்தான் இந்த விலக்கு, தோரோவைப் போல சொந்தத் தத்துவத்தின்படி வாழ நினைப்பவர்களுக்கு இது பொருந்தாது என்று நீதிமன்றம் தெளிவாகவே எழுதியிருந்தது.

அந்தத் தீர்ப்பில் இன்னொரு விஷயமும் உண்டு. நீதிபதி வில்லியம் டக்ளஸ் ஒரு பகுதியில் மாறுபட்டுத் தனியாக எழுதினார். அரசு என்ன நினைக்கிறது என்று கேட்டோம், பெற்றோர் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டோம், பிள்ளைகளைக் கேட்டோமா என்பதே அவருடைய கேள்வி. வழக்கில் சம்பந்தப்பட்ட பிள்ளைகளில் ஒரே ஒரு பெண்தான் சாட்சி சொல்லியிருந்தாள். மற்றவர்கள் என்ன விரும்பினார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கேள்வியை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜான் ஹோல்ட் என்ற வாத்தியார்

இந்த இடத்தில்தான் கதையின் முக்கிய மனிதர் வருகிறார். ஜான் ஹோல்ட், 1923ல் நியூயார்க்கில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பலில் பணியாற்றிவிட்டு, பிறகு உலக அரசு வேண்டும் என்று பிரசாரம் செய்த அமைப்பு ஒன்றில் வேலை பார்த்தவர். ஆசிரியர் வேலைக்கு வந்தது தற்செயலாகத்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சொந்தப் பிள்ளைகள் இல்லை. பெற்றோருக்காக இத்தனை எழுதிய ஒருவர் பெற்றோராக இருந்ததே இல்லை!

முதலில் கொலராடோவிலும் பிறகு மாசசூசெட்ஸிலும் பாடம் நடத்தினார். பில் ஹல் என்ற சக ஆசிரியரோடு ஒரே வகுப்பைப் பகிர்ந்துகொண்டார். ஒருவர் பாடம் நடத்தும்போது மற்றவர் பிள்ளைகளைக் கவனித்துக் குறிப்பெடுப்பார். அந்தக் குறிப்புகளில் ஹோல்ட் கண்டது அவரையே உலுக்கியது. பிள்ளைகள் கணக்கைப் பார்க்கவில்லை, வாத்தியாரின் முகத்தைப் பார்த்தார்கள். சரியான விடை எது என்று அவர் முகத்திலேயே தேடினார்கள். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில் மூளையின் பெரும்பகுதி செலவானது. நல்ல மார்க் வாங்கும் பிள்ளைகளும் பரீட்சை முடிந்த கையோடு எல்லாவற்றையும் மறந்தார்கள். இந்தக் குறிப்புகள் 1964ல் புத்தகமாக வந்து, பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றன. பிள்ளைகள் எப்படித் தோற்கிறார்கள் என்பதுதான் அந்தப் புத்தகத்தின் தலைப்பே.

முதலில் பள்ளிகளைத் திருத்திவிடலாம் என்றுதான் ஹோல்ட் நம்பினார். ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1970 வாக்கில் மெக்சிகோவில் இவான் இல்லிச்சைச் சந்தித்தார். பள்ளி என்ற அமைப்பே இல்லாத சமூகம் பற்றி இல்லிச் பேசிக்கொண்டிருந்த காலம் அது. மெல்ல மெல்ல ஹோல்டின் நம்பிக்கை கரைந்தது. பள்ளிகள் மாறவில்லை என்பதோடு, பெரும்பாலான பெற்றோர் அவை மாறுவதை விரும்பவும் இல்லை என்று அவர் கண்டுகொண்டார்.

1974ல் குழந்தைகளின் உரிமை பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஓட்டுப் போடுவது, சம்பளத்துக்கு வேலை செய்வது, யாரோடு வாழ்வது, என்ன கற்பது என்பதை எல்லாம் முடிவு செய்யும் உரிமை குழந்தைகளுக்கும் வேண்டும் என்றார். இன்று படித்தாலும் பலருக்குத் தூக்கிவாரிப்போடும். 1976ல் வந்த அடுத்த புத்தகத்தில், அடிமைகள் தப்பிச் செல்ல உதவிய ரகசிய வழிகளைப் போலப் பள்ளியிலிருந்து குழந்தைகள் தப்பவும் ஒரு ரகசிய வழி வேண்டும் என்று எழுதினார். அதைப் படித்த சில பெற்றோர் அவருக்குக் கடிதம் போட்டார்கள். "நாங்கள் ஏற்கெனவே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்" என்பதே கடிதங்களின் சாரம்.

கடிதங்களால் ஆன பத்திரிகை

1977 ஆகஸ்டில் ஹோல்ட் பாஸ்டனில் இருந்து ஒரு சிறு செய்தி இதழைத் தொடங்கினார். பள்ளியில்லாமல் வளர்வது என்று பொருள்படும் பெயர் அதற்கு. வீட்டுக்கல்விக்கென்றே வந்த முதல் தேசிய இதழ் என்று அதைச் சொல்வார்கள். பெரும்பகுதி வாசகர் கடிதங்கள்தான்.

அந்தக் காலத்து நிலைமையை நினைத்துப் பார்க்க வேண்டும். இணையம் கிடையாது. நாடு முழுக்க வீட்டில் படித்த குழந்தைகள் 10 ஆயிரம் முதல் 15 ஆயிரம் வரைதான் இருந்திருப்பார்கள் என்பது 1970களின் தொடக்கத்துக்கான ஒரு மதிப்பீடு. பலர் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாமல், பகல் நேரத்தில் பிள்ளைகளைத் தெருவில் விளையாட விடப் பயந்து வாழ்ந்தார்கள். தங்களைப் போல இன்னொரு குடும்பம் இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது. இதழ் மாநில வாரியாகக் குடும்பங்களின் முகவரிப் பட்டியலை வெளியிட்டது. உதவத் தயாராக இருந்த ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், தொல்லை கொடுக்காமல் ஒத்துழைத்த கல்வி அலுவலகங்கள் ஆகியவற்றின் பட்டியலையும் போட்டது. பல பேருக்குத் துணிச்சல் வந்தது அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான்.

1978 டிசம்பரில் ஃபில் டோனஹ்யூவின் பிரபலமான தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஹோல்ட் கலந்துகொண்டார். பிறகு கேட்கவா வேண்டும்! ஆயிரக்கணக்கில் கடிதங்கள் வந்து குவிந்தன.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஹோல்ட் இரண்டு வகையான உதவி செய்தார். முதலாவது, சட்டம். உங்கள் மாநிலச் சட்டத்தை நீங்களே நூலகத்தில் போய்ப் படியுங்கள், தொடர்புடைய தீர்ப்புகளைக் குறித்துக்கொள்ளுங்கள், என்ன சொல்லித்தரப் போகிறீர்கள் என்று விரிவான திட்டம் எழுதிக் கல்வி அலுவலகத்துக்குக் கொடுங்கள் என்றார். சண்டைக்கு நிற்காதீர்கள், ஆனால் தயாரிப்பு இல்லாமலும் போகாதீர்கள் என்பது அவர் வழி. நன்றாகத் தயாரித்த திட்டத்தைப் பார்த்தால் வழக்குக்குப் போக அதிகாரிகளே தயங்குவார்கள் என்று அவர் கணக்குப் போட்டார்.

இரண்டாவது, அந்தத் திங்கட்கிழமை காலை. இங்கேதான் பெரும்பாலான குடும்பங்கள் தடுமாறின. வீட்டில் ஒரு மேஜை போட்டு, நேர அட்டவணை எழுதி, ஒன்பதிலிருந்து மூன்று வரை பாடம் நடத்தப் பார்த்தார்கள். சில வாரங்களில் அம்மாவும் பிள்ளையும் அழுதுகொண்டு நின்றார்கள். பள்ளியிலிருந்து வெளியே வந்த குழந்தைக்கு முதலில் கொஞ்ச காலம் ஓய்வு தேவை என்று அனுபவப்பட்டவர்கள் இதழில் எழுதினார்கள். குழந்தை எதைத் தேடிப் போகிறது என்று கவனியுங்கள், கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள், பெரியவர்கள் செய்யும் நிஜமான வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள், நூலகத்தைப் பயன்படுத்துங்கள் என்பன ஹோல்ட் திரும்பத் திரும்பச் சொன்னவை. வாசிக்கக் கற்றுக்கொள்ள எட்டு, ஒன்பது வயது ஆன பிள்ளைகளைப் பற்றிய கடிதங்களைப் படித்துப் பல தாய்மார் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். "தாய்மார்" என்று சொல்வதில் காரணம் உண்டு. பெரும்பாலான வீடுகளில் வேலையை விட்டுவிட்டு இந்தப் பொறுப்பைச் சுமந்தது அம்மாக்கள்தான்.

வெற்றியும் விலையும்

1978ல் முதல் பெரிய பலன் கிடைத்தது. மாசசூசெட்ஸின் ஆம்ஹெர்ஸ்ட் ஊரில் ஒரு குடும்பம் தங்கள் மகனை வீட்டில் படிப்பிக்கத் திட்டம் கொடுத்தது. பள்ளிக் குழு மறுத்துவிட்டது. வழக்கு நடந்தது. 1852 சட்டத்திலேயே இருந்த அந்த விலக்குதான் இப்போது கைகொடுத்தது. பாடங்கள் என்ன, எவ்வளவு நேரம், பெற்றோருக்குத் தகுதி உண்டா என்றெல்லாம் அதிகாரிகள் பார்க்கலாம், ஆனால் மற்ற பிள்ளைகளோடு கூடும் அனுபவம் இல்லை என்ற காரணத்துக்காக மறுக்க முடியாது என்று நீதிபதி தீர்ப்பளித்தார். மத நம்பிக்கையைக் காரணம் காட்டாத சாதாரணக் குடும்பத்துக்கும் வழி திறந்தது.

எல்லாக் கதையும் இப்படி முடியவில்லை. யூட்டா மாநிலத்தில் ஜான் சிங்கர் என்பவர் 1973ல் தன் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார். அவர் மார்மன் மரபில் தீவிரப் போக்கு உடையவர், பின்னால் இரண்டாவது மனைவியையும் சேர்த்துக்கொண்டவர். நீதிமன்றத்துக்கு வர மறுத்துப் பண்ணை வீட்டிலேயே துப்பாக்கியோடு இருந்தார். 1979 ஜனவரி 18 அன்று அவரைக் கைது செய்யப் போன காவலர்கள் சுட்டதில் இறந்துபோனார். பள்ளிக்கூட வருகையில் தொடங்கிய தகராறு ஒரு உயிரோடு முடிந்தது.

இதற்கிடையே இன்னொரு ஓடையும் வந்து கலந்தது. ரேமண்ட் மூர், டோரதி மூர் என்ற தம்பதி இருவரும் கல்வித் துறையில் இருந்தவர்கள், ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர்கள். சின்ன வயதில் அவசரப்பட்டுப் பள்ளிக்கு அனுப்புவது குழந்தைக்குக் கெடுதல் என்று 1975ல் புத்தகம் எழுதினார்கள். கிறிஸ்தவ வானொலி மூலம் அவர்கள் பேச்சு லட்சக்கணக்கான வீடுகளை எட்டியது. பொதுப் பள்ளிகளில் பிரார்த்தனை இல்லாமல் போனதில் வருத்தப்பட்டுக்கொண்டிருந்த பழமைவாதக் கிறிஸ்தவக் குடும்பங்கள் 1980களில் திரளாக வீட்டுக்கல்விக்கு வந்தன. 1983ல் அவர்களுக்காகச் சட்டப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றும் உருவானது.

ஹோல்டின் வாசகர்களும் இவர்களும் எதிரெதிர் துருவங்கள். ஒருவர் குழந்தைக்குச் சுதந்திரம் வேண்டும் என்றார், மற்றவர் குழந்தையை நம்பிக்கையில் கட்டிக் காக்க வேண்டும் என்றார். ஆனால் சட்டமன்ற வாசலில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

1983ல் கலிபோர்னியாவில் ஆடு வளர்க்கும் பண்ணை ஒன்றில் வீட்டிலேயே படித்த கிராண்ட் கோல்ஃபாக்ஸ் என்ற இளைஞருக்கு ஹார்வர்டில் இடம் கிடைத்தது. பத்திரிகைகள் கொண்டாடின. (இவர் பின்னாளில் மருத்துவராகி, ஒபாமா அரசின் எய்ட்ஸ் கொள்கை அலுவலகத்துக்குத் தலைமை வகித்தார்.) "நாளைக்கு இந்தப் பிள்ளை என்ன ஆகும்?" என்று கேட்டவர்களுக்குச் சொல்ல இப்போது ஒரு பெயர் இருந்தது.

மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சட்டத்தைத் தளர்த்தின. 1993 மே மாதம் மிச்சிகன் உச்ச நீதிமன்றம், மத நம்பிக்கையால் வீட்டில் படிப்பிப்பவர்களிடம் ஆசிரியர் சான்றிதழ் கேட்கக் கூடாது என்று 4க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அந்த வருடத்தோடு 50 மாநிலங்களிலும் வீட்டுக்கல்விக்கு வழி பிறந்துவிட்டது என்பார்கள். அடுத்த வருடமே அதன் பலம் தெரிந்தது. 1994 பிப்ரவரியில் நாடாளுமன்றத்துக்கு வந்த ஒரு மசோதாவில் இருந்த ஆசிரியர் சான்றிதழ் பிரிவு தங்களையும் பாதிக்கும் என்று வீட்டுக்கல்விக் குடும்பங்கள் பயந்தன. தொலைபேசி அழைப்புகளால் உறுப்பினர்களின் அலுவலகங்கள் திணறிப்போயின. அந்தப் பிரிவை நீக்க 424 பேர் வாக்களித்தார்கள். எதிர்த்தவர் ஒரே ஒருவர், அதைக் கொண்டுவந்தவர்!

கேட்கப்படாத கேள்வி

ஹோல்ட் இதையெல்லாம் பார்க்க இல்லை. 1985 செப்டம்பரில் புற்றுநோயால் இறந்துவிட்டார். அவர் தொடங்கிய இதழை நண்பர்கள் 2001 வரை நடத்தினார்கள்.

அரசுக் கணக்கெடுப்பின்படி 1999ல் சுமார் 8 லட்சத்து 50 ஆயிரம் குழந்தைகள் அமெரிக்காவில் வீட்டில் படித்தார்கள். 2012ல் அது சுமார் 17 லட்சத்து 70 ஆயிரம் ஆனது. கொரோனா வந்த 2020ல், வசந்த காலத்தில் 5.4 சதவீதமாக இருந்த வீட்டுக்கல்விக் குடும்பங்கள் அந்த வருட இலையுதிர் காலத்தில் 11.1 சதவீதமாக உயர்ந்தன.

ஆனால் 2018 ஜனவரியில் நடந்த ஒரு சம்பவம் எல்லோரையும் அதிர வைத்தது. கலிபோர்னியாவின் பெரிஸ் ஊரில் 17 வயதுப் பெண் ஒருத்தி ஜன்னல் வழியாகத் தப்பித்துக் காவல் துறைக்குத் தொலைபேசியில் பேசினாள். அந்த வீட்டில் 13 பிள்ளைகளைப் பெற்றோரே பட்டினி போட்டு, சிலரைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். அந்த வீடு தனியார் பள்ளி என்று பதிவாகியிருந்தது. யாரும் வந்து எட்டிப் பார்த்ததில்லை. இனி இப்படிப்பட்ட வீட்டுப் பள்ளிகளைக் கண்காணிக்க வேண்டும் என்று கொண்டுவந்த மசோதாவை எதிர்த்து நூற்றுக்கணக்கான வீட்டுக்கல்விக் குடும்பங்கள் தலைநகரில் திரண்டன. மசோதா குழுக் கட்டத்திலேயே நின்றுபோனது.

ஒரு கொடூரத்தை வைத்துப் பல லட்சம் நல்ல குடும்பங்களை எடைபோடுவது நியாயம் ஆகாது. பள்ளிகளிலும் கொடுமைகள் நடக்கத்தான் செய்கின்றன. ஆனால் பள்ளியில் நடந்தால் குழந்தை வீட்டில் வந்து சொல்ல வாய்ப்பு உண்டு. வீட்டிலேயே நடந்தால் எங்கே போய்ச் சொல்வது?

இந்த வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. ஹோல்ட் பள்ளியை எதிர்த்தது குழந்தைக்காக. தன் கற்றலைத் தானே தீர்மானிக்கும் உரிமை குழந்தைக்கு வேண்டும் என்பதுதான் அவர் வாதம். வீடு அதற்கு ஒரு வழி, அவ்வளவே. ஆனால் நீதிமன்றங்களும் சட்டமன்றங்களும் கடைசியில் கொடுத்தது பெற்றோருக்கான உரிமை. அரசின் கையிலிருந்த சாவி பெற்றோர் கைக்கு மாறியது. அன்பான, பொறுமையான பெற்றோர் கையில் அது இருந்தபோது ஹோல்ட் கனவு கண்டது நடந்தது. இல்லாத வீடுகளில் நடக்கவில்லை.

1972ல் நீதிபதி டக்ளஸ் எழுப்பிய கேள்விக்குச் சட்டம் இன்னும் முழுமையாகப் பதில் சொல்லவில்லை. ஆனால் ஒரு குடும்பம் அந்தப் பதிலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பிக்க நினைக்கும் பெற்றோர் சட்டப் புத்தகத்தையும் பாடத்திட்டத்தையும் புரட்டுவதற்கு முன்னால், அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து "உனக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்கலாம். அது சொல்லும் பதில் "எனக்குப் பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறது" என்பதாகவும் இருக்கலாம்.